முன்வாசலில் ஒட்டிய நோட்டீஸ்

கோர்ட்டில் அமீனா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, இந்த வேலையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்டீர்கள். நான் காப்பி கொடுத்து, மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசி அனுப்பிவிட்டேன். சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. சொல்வதென்றால் என் மானம் போன கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதற்கு அன்றைக்கு மனசு வரவில்லை. எழுதும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த வசதிக்காக எழுதுகிறேன்.

பெரிய ஊர்க் கோர்ட்டுகளில் சம்மன் கொண்டு போக ஒரு ஆள், வாரண்டோடு போய் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேறு ஆள். எங்கள் கோர்ட்டில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. நோட்டீஸை ஒட்டப் போனவனே சில மாதம் கழித்துக் கட்டில் பீரோவை முற்றத்தில் இறக்கவும் போவான். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது, வழி தெரியும் அல்லவா. நோட்டீஸை இன்னாரிடம் இப்படிச் சேர்த்தேன் என்று நான் எழுதிக்கொடுக்கும் சார்வு அறிக்கை ஒன்றைக்கூட எந்த வக்கீலும் தப்பென்று நிரூபித்ததில்லை என்று, எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நாசர் ஆபீசில் நான் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

பழைய வாடகைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதெல்லாம் குடியிருப்பவரை இறக்க வேண்டுமென்றால் அவர் ஏதாவது தப்பு செய்திருக்க வேண்டும், இல்லை வீட்டுக்காரர் தன் தேவையைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். கேஸ் ஆரம்பித்தபோது தவழ்ந்த பிள்ளை, வாரண்ட் வரும்போது காலேஜில் படிக்கும். பிறகு புதுச் சட்டம் வந்தது. வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். அப்படி ஒப்பந்தம் போடவில்லை என்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகிவிட்டது. குடியிருப்பவர் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. வழக்கும் வருஷக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு வந்தது. நம் பக்கத்தில் வீட்டு வாடகைக்கு யார் எழுத்து வைத்தார்கள்? வாய்ச்சொல்தான். அதனால் சட்டம் வந்த பிறகு எங்கள் பையில் நோட்டீஸ்கள் கனத்தன. வேகம் கூடியபோது நானும் வேகமானேன். அங்கேதான் சறுக்கினேன்.

களியக்காவிளைக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு வளைவு தள்ளி ஒரு ஓட்டு வீடு. சொந்தக்காரர் மஸ்கட்டில். அவருடைய மனைவியின் தம்பி ஜெயசிங்தான் இங்கே பவர் ஏஜென்ட். வீட்டில் ஒன்பது வருஷமாக லீலாபாய் என்ற அம்மா குடியிருந்தாள். அவள் முந்திரி ஆலையில் வேலை பார்த்தாள். அவளுடைய கணவருக்குப் பேச்சிப்பாறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவார். வாடகை ஒரு மாதம் பிந்தியதில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நோட்டீஸ் கொண்டு போகும்போது எனக்குத் தெரிந்தது பேரும் வீட்டு நம்பரும் மட்டும்.

முதல் தடவை போனபோது ஜெயசிங் என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். நண்பகல். முன்வாசலைக் காட்டி இதுதான் வீடு என்றார். தட்டினேன், ஆள் இல்லை. திரும்பினேன். இரண்டாம் தடவையும் நண்பகல், அதே பைக், அதே வாசல். ஆள் உள்ளேதான் இருக்கும், வேண்டுமென்றே திறக்க மாட்டார்கள் என்றார். தபாலில் போனதும் பகலில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. நான் பசையைத் தடவி நோட்டீஸைக் கதவில் ஒட்டினேன். வீட்டை அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் ஜெயசிங் கையெழுத்துப் போட்டார். 'வேண்டுமென்றே தவிர்க்கிறார்' என்று அறிக்கையில் நானும் ஒரு வரி சேர்த்தேன். அவர் சொன்னதை நான் கண்டதுபோல எழுதினேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

விசாரணை நாளில் லீலாபாய் வரவில்லை. அவள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆனது. மாதங்கள் போய், வீட்டை ஒழித்துக் கொடுக்க வாரண்ட் என் கைக்கே வந்தது.

அன்று காலை பத்தரை மணிக்குப் போனோம். நான், ஜெயசிங், ஒரு எஸ்.ஐ., ஒரு பெண் போலீஸ், சாமான் இறக்க மூன்று ஆட்கள், பூட்டு உடைக்க ஒருவர். கேட்டைத் திறந்ததும் நான் வழக்கம்போல முன்வாசலை நோக்கி நடந்தேன். ஜெயசிங் என் தோளைத் தொட்டு, இப்படி வாருங்கள் என்று பக்கவாட்டில் முன்னால் நடந்தார். அப்போதே ஏதோ உறுத்தியது. ஒட்ட வந்தபோது முன்வாசலைக் காட்டியவர், இறக்க வந்தபோது ஏன் நேராக அடுக்களைப் பக்கம் போகிறார்? ஆனால் எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேற்கே வானம் இருண்டு கிடந்தது. உறுத்தலைத் தள்ளிவிட்டு அவர் பின்னால் போனேன்.

அடுக்களை வாசலுக்கு வெளியே கல்லடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மருந்து இலை வாசனை. பழைய சேலைகளைக் கட்டி ஒரு மறைப்பு. ஒரு அம்மா, லீலாபாய்தான், செம்போடு ஓடி வந்து கையை விரித்து நின்றாள்.

"அங்ஙன வராதீங்க சாரே. பிள்ளை பெத்த பொண்ணு குளிக்கா."

மகள் ஷீபா முதல் பேறுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பெற்றவளுக்கு வேது வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் எட்டுப் பேர் போய் நின்றோம். போலீஸைப் பார்த்ததும் லீலாபாய்க்குக் கணவர் ஞாபகம்தான் வந்திருக்கிறது, தோட்டத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, வாரண்டைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"எந்த நோட்டீஸ் சாரே? எங்களுக்கு ஒண்ணும் வரல்லியே."

பிள்ளைகளே, இதை நீங்கள் வாரத்துக்கு நாலு தடவை கேட்பீர்கள். கேட்டுக் கேட்டு காது மரத்துவிடும். எனக்கும் மரத்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒட்டியிருக்கிறது, கோர்ட்டுக்கு வராதது உங்கள் தப்பு என்று சொன்னேன். குளித்து முடிக்க அவகாசம் கொடுத்தேன், அதையே பெரிய தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஆட்களுக்குத் தலையசைத்தேன்.

சாமான்கள் வெளியே வந்தன. கட்டில், பீரோ, தையல் மெஷின், அரிசிப் பானை. ஷீபா ஈரத்தலையோடு பலாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தலையைத் துவர்த்துத் துண்டால் மூடியிருந்தாள். பெண் போலீஸ் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. லீலாபாய் அழவில்லை, கூச்சல் போடவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். என்னிடம் வந்து, ஒட்டின இடத்தைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் சார்வை ஒரு முந்திரி ஆலைக்காரி சந்தேகப்படுவதா என்ற கோபம். அசிங்கமான கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். வா அம்மா என்று வேகமாக முன்பக்கம் நடந்தேன்.

முன்வாசல் படியில் பலா இலைகள் மக்கிக் கிடந்தன. ஒரு காலடித் தடம் இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருந்தது. கதவின் சாவித்துவாரம் துருவேறி அடைந்திருந்தது. கதவில் என் நோட்டீஸின் நாலு மூலைகள் மட்டும் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் எழுத்து இருந்த இடமெல்லாம் மழை கொண்டு போயிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த வாசல நாங்க தொறக்கதே இல்ல சாரே. முன்ரூம் அவங்க சாமான் வச்சுப் பூட்டினது. உள்ள கூடியும் வழி கெடையாது. தாக்கோல் ஜெயசிங்குக்க கையிலதான் உண்டு."

சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையோடு சோபா, அட்டைப்பெட்டிகள், துணி போர்த்திய டிவி. நம் ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது இது வழக்கம்தானே. தங்கள் சாமானை முன்ரூமில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், குடியிருப்பவர்கள் அடுக்களை வாசல் வழியாக வந்து போவார்கள். என் சித்தப்பா வீடே அப்படித்தான் வாடகைக்குப் போனது. வெளியூர் அமீனாவுக்கு இது தெரியாமல் போகலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் சுற்றவில்லை.

இவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் குடியிருந்த வீட்டைப் பற்றி ஒரு வழக்கு நடந்து, தீர்ந்து, உத்தரவும் ஆகிவிட்டது. அவள் தினமும் இந்தக் கதவுக்கு இருபதடி தள்ளி வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஜெயசிங்கைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"வீடு எதுண்ணு கேட்டீரு, காட்டினேன். எந்த வாசல்ல ஆளு நடக்குதுண்ணு நீரு கேட்டீரா?"

அவரையும் முழுக்கக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அப்பாவின் கடையை ஒருவர் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷம் விடாமல் இருந்தாராம், அப்பா அந்தக் கேஸிலேயே கண் மூடினாராம். முன்கூட்டிச் சொன்னால் இவர்களும் ஒட்டிக்கொள்வார்கள் என்று பயம். அக்கா கணவரான மஸ்கட் அளியனுக்கு வேலை போய்விட்டது, அடுத்த வாரம் குடும்பத்தோடு வருகிறார், அவருக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான். அதுவும் பொய் இல்லை. வீட்டுக்காரருக்கு வீடு தேவை, குடியிருப்பவள் தப்பு செய்யவில்லை. அந்த முற்றத்தில் தப்பு செய்தவன் என்று விரலை நீட்டினால் அது என்னிடம்தான் வந்து நின்றது.

மழைத்துளி விழத் தொடங்கியது. எஸ்.ஐ. வந்தார், பந்தோபஸ்து டூட்டி வேறு இருக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஜெயசிங் வக்கீலுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். உத்தரவு சரியா தப்பா என்று பார்ப்பது உம்முடைய வேலை இல்லை, அவளுக்குக் குறை இருந்தால் நாளைக்கு மனு போடட்டும் என்றார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜெயசிங் சொன்னார்:

"வாரண்டு கையில உண்டு. நீரு அமீனா, ஜட்ஜ் இல்ல."

அவர் சொன்னது சட்டப்படி சரி. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாவம் பார்த்து வாரண்டை மடித்துப் பையில் வைக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பச்சைக் குழந்தை இருக்கிறது என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பி வந்திருந்தால், என்னை முதல் வருஷத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உத்தரவை எடைபோட நாம் யார்? ஆனால் அந்த உத்தரவு எதன் மேல் நின்றது? நான் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த அறிக்கையின் மேல். நீதிபதி இந்த வீட்டைப் பார்த்ததில்லை. என் கண்ணால் பார்த்தார். என் கண் சரியாகப் பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்தான்.

இப்படி இப்போது அழகாக எழுதுகிறேன். அப்போது மனதில் ஓடியது வேறு. ஓய்வு பெற பதினோரு மாதம் இருந்தது. தப்பான சார்வு அறிக்கை என்றால் மெமோ வரும், விசாரணை வரும், பென்ஷன் பேப்பர் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும். காகிதம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. நான் வேலையை முடித்துவிட்டுப் போனால் என்னைக் கேட்க ஒரு ஆள் இல்லை. லீலாபாய் மனு போட்டாலும் அமீனா பொய் சொல்வாரா என்றுதான் கோர்ட் கேட்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை நான் கேட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் மீதிப் பாத்திரங்களும் வெளியே வந்துவிட்டன.

அப்போது மழை வலுத்தது. ஷீபா நாற்காலியிலிருந்து எழுந்து, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். தன் அம்மா ஒன்பது வருஷம் இருந்த வீட்டுக்குள் மழைக்கு ஒதுங்க என்னிடம் அனுமதி கேட்டு நின்றாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

உள்ளே போம்மா என்றேன். ஆட்களைப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வையுங்கள் என்றேன்.

ஜெயசிங் தன் ஆட்களைத் தடுத்தார், கூலி கொடுப்பவர் அவர். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அரிசிப் பானையைத் தூக்கினேன். பெண் போலீஸ் வந்து தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பூட்டு உடைக்க வந்தவர், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, மறுபக்கத்தைப் பிடித்தார். கட்டிலைத் தூக்க எஸ்.ஐ.யே வந்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டேதான். பீரோ மட்டும் நன்றாக நனைந்தது.

அடுக்களையில் உட்கார்ந்து வாரண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முன்வாசல் குடியிருப்பவரின் பயன்பாட்டில் இல்லை, வீட்டுக்காரரின் பூட்டில் இருக்கிறது, நான் நோட்டீஸ் ஒட்டியது அந்தக் கதவில், வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் ஒட்டினேன், 'தவிர்க்கிறார்' என்று எழுதியது நான் நேரில் கண்டதல்ல. எஸ்.ஐ. படித்துப் பார்த்து, இப்படியா எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். லீலாபாயிடம் நாளைக் காலை கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வரச் சொல்லி, எந்த அறை என்றும் சொன்னேன். அவள் தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

அன்று மத்தியானமே நீதிபதி முன்னால் நின்றேன். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். முன்பு சத்தியம் செய்து கொடுத்ததும் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். அந்தச் சின்ன அறையில் டைப்பிஸ்ட், குமாஸ்தா, இரண்டு ஜூனியர் வக்கீல்கள் இருந்தார்கள். இத்தனை நாள் என்னை மதிப்போடு பார்த்த முகங்கள். ஒருவரும் நிமிரவில்லை. மெமோ வந்தது, விசாரணை வந்தது, பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. பென்ஷன் பேப்பரும் சிக்கத்தான் செய்தது. கண்டனம் ஏறியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எக்ஸ்பார்ட்டி உத்தரவு ரத்தானது. வழக்கு மறுபடி எடுக்கப்பட்ட நாளில் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மஸ்கட்காரர் வந்திருந்தார், நரைத்த, களைத்த மனிதர். ஊருக்கு வந்ததிலிருந்து குடும்பத்தோடு மாமியார் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். லீலாபாய் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூண்டருகே நின்றாள். சட்ட உதவி வக்கீல் வாதாட நிறையக் குறிப்புகள் வைத்திருந்தார். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இழுக்கலாம் என்று வராந்தாவில் அவளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

நீதிபதி அவளிடம் நேரடியாகக் கேட்டார், வழக்கை நடத்த விரும்புகிறீர்களா என்று. அவள் வக்கீலைப் பார்க்கவில்லை.

"வீடு அவங்களுக்கது ஐயா. வேணும்ணா நாங்க போவோம். பிள்ளை கொஞ்சம் தேறட்டும், மூணு மாசத்துல வேற வீடு பாத்துப் போவோம். அப்பவே ஆராவது ஒருத்தரு வந்து எனக்க முகத்தப் பாத்துச் சொல்லியிருந்தா, ஒருத்தரையும் இந்தக் கோர்ட்டுக்கு வர வச்சிருக்க மாட்டோம்."

மஸ்கட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயசிங் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாத அவகாசம் இரு தரப்பு சம்மதத்தோடு பதிவானது. சொன்னபடி மூன்றாவது மாதம் முடியுமுன்பே அவள் வீட்டைக் காலி செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வாரண்ட் தேவைப்படவில்லை.

அவள் கேட்ட அந்த 'ஒருத்தர்' யார் என்று கோர்ட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. அதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து, பையும் கொடுத்து, இரண்டு தடவை அந்த வீட்டுக்கு அனுப்பிய ஆள் நான்தான்.